பனியில் நின்ற பதிவேடு

அத்தியாயம் ஏழு

படகு நின்றுவிட்டது என்பது கெசையாவுக்கு முதலில் காலில்தான் தெரிந்தது. பலகைத் தரை வழியாக உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த இயந்திரத்தின் நடுக்கம் சட்டென்று அடங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. யாரோ கூடை கூடையாகக் கண்ணாடிச் சாமான்களைக் கொட்டுவது போல இரண்டு பக்கமும் ஒரு நொறுங்கல். பிறகு அதுவும் இல்லை.

மிசிசிப்பி பனிப்பாளங்களை நாலு பக்கமிருந்தும் தள்ளிக்கொண்டு வந்து, நீராவிப் படகை நடு ஆற்றில் இறுக்கிப் பிடித்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே மேற்குக் கரை தெரிந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் புகைபோக்கிகள், கிடங்குகள், அவற்றுக்கு மேலே நீதிமன்றத்தின் கூரை. கால் மைல்கூட இருக்காது.

"மணி என்ன முசியே?"

ரோஷோன் கடிகாரத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "பதினொண்ணே முக்கால்."

"கோர்ட்டு?"

"நாலு மணி வரைக்கும். அதுக்குள்ள சாட்சியைக் கொண்டு வரலேன்னா கையில இருக்கறதை வச்சே ஜூரியைத் தீர்ப்பு சொல்லச் சொல்லிடுவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்."

"ஆத்துக்கு அது தெரியாது போல. யாராவது சம்மன் அனுப்பியிருக்கலாம்."

தெயோஃபில் ரோஷோனுக்கு ஐம்பத்து நாலு வயது. கெசையா அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த கடைசி சிலரில் ஒருவர். யார் யாருக்குப் பிறந்தார், எங்கே, எப்போது என்று பழைய காகிதங்களைத் துருவித் துப்புக் கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. ஏழு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு காகிதத்தைத் தேடி எடுத்துத்தான் கெசையாவை அடிமைத்தளையிலிருந்து மீட்டார். அன்றிலிருந்து அவள் வாரத்தில் மூன்று நாள் ஊர்த் துணி வெளுப்பாள், மூன்று நாள் அவரோடு அலைவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எந்தக் கிழவிக்கு எது ஞாபகம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வித்தை ரோஷோனுக்கு வராது.

இன்றைய காரியம் லூசிண்டாவுடையது. கெசையாவோடு குளக்கரையில் துணி துவைத்தவள். தானும் தன் ஏழு வயது மகள் டார்கஸும் சுதந்திரமானவர்கள் என்று எஜமான் கிரேல் மீது வழக்குப் போட்டுவிட்டு, முடியும்வரை நகரச் சிறையில் அடைந்து கிடக்கிறாள். தோற்றால், பனி உருகி ஓடும் முதல் கப்பலில் தாயும் மகளும் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு. ஒரே ஆளிடம் போவார்களா என்பதற்குக்கூட உத்தரவாதமில்லை.

தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. சட்டம் அவ்வளவுதான். லூசிண்டாவின் தாய் மார்கோ பிறந்தது ஆற்றுக்குக் கிழக்கே, இலினாய் பக்கத்தில், சாந்த் உர்சுல் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில். அதை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்கிறது. 1787 ஜூலையில் அந்தக் கரையில் அடிமைத்தனம் கூடாது என்று சட்டம் வந்தது. மார்கோ அதற்குப் பின்னால் பிறந்திருந்தால் அவள் சுதந்திரமானவள், மகளும் பேத்தியும்கூட. முன்னால் பிறந்திருந்தால் மூன்று பேரும் கிரேலின் சொத்து.

மார்கோ செத்து ஐந்து வருடமாகிறது. அவளைக் கேட்க முடியாது.

"மூணு காகிதம், மூணு வயசு," என்று ரோஷோன் நூறாவது தடவையாக விரல் மடக்கினார். "கிரேல் வீட்டு பைபிள்ல 1786ன்னு எழுதியிருக்கு. 1803ல அவளை வித்த பத்திரத்துல பதினாலு வயசுன்னு இருக்கு, அப்படின்னா 1789. 1820ல எடுத்த சொத்துப் பட்டியல்ல முப்பத்து மூணு..."

"அதுல கழிச்சா சரியா 1787. எந்த மாசம்னு மட்டும் சொல்லாது. அந்தம்மா உயிரோட இருந்தப்போ எப்பவும் முப்பதுன்னுதான் சொல்லும் முசியே. அதையும் சேத்துக்கோங்க."

இந்த மூன்றுக்கும் மேலே நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். சாந்த் உர்சுல் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அது இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி, பயணிகள் அறையின் அடுப்புக்குப் பக்கத்தில், கிராமத்துப் பங்குச் சாமியார் ஆன்செல்மின் மடியில் இருந்தது. சாமியாருக்கு எழுபது வயது, நல்ல கனத்த சரீரம், காது மந்தம்.

"இவர்கிட்ட பாவமன்னிப்பு கேக்கணும்னா ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணும்," என்று கெசையா காலையிலேயே சொல்லியிருந்தாள். "அந்த ஊர்ல ஒருத்தரும் பாவம் பண்ணாததுக்கு அதுதான் காரணம்."

அவளைக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது வேறு. சாமியாரின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கிரேலின் வக்கீல் குமாஸ்தா ஏமஸ் ப்ரூவிட் அங்கே முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் ஒரு சம்மன். அவனும் அதே பதிவேட்டைத்தான் கூப்பிட்டிருந்தான். சாமியாரின் பெட்டியைக் கட்டி வைத்து, வண்டியில் ஏற்றி, குளிர் படாமல் கம்பளி போர்த்திவிட்டவனும் அவனே.

"எதிராளி எதுக்கு முசியே நம்ம சாட்சியைத் தூக்கிட்டு வரணும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

ப்ரூவிட் இப்போது மேலே கேப்டனோடு கத்திக்கொண்டிருந்தான். குரல் கீழே வரை கேட்டது. படகை எப்படியாவது கிளப்ப வேண்டுமாம். எல்லாரையும்விட அவனுக்குத்தான் அவசரம்.

ரோஷோன் எழுந்தார். "கரைக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துடலாம். நேரம் கிடைச்சிருக்கு." சாமியாரின் காதருகே குனிந்து கத்தினார். "ஃபாதர்! பதிவேடு! ஒரு நிமிஷம்!"

"சாப்பாடா? ரொட்டி இருக்கு மகனே."

"பதி-வே-டு!"

பெட்டி திறந்தது. தோல் அட்டை போட்ட, பூசணம் வாசனை அடித்த நீளப் புத்தகம். அறையில் இருந்த ஒரே மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு ரோஷோன் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

அவர் முகத்தைப் பார்த்ததும் கெசையா மேஜைக்குக் கிட்டே வந்தாள்.

"சொல்லுங்க."

"மார்ச் பதினொண்ணு, 1786. மார்கோ. ஆஞ்செலிக்கின் மகள். ஆஞ்செலிக், விதவை லாட்டுலிப்பின் அடிமை." அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். "லூசிண்டாவோட பாட்டி பேரு ஆஞ்செலிக்தான். விதவை லாட்டுலிப்கிட்டதான் இருந்தா. எல்லாம் சரியா இருக்கு."

"வருஷத்தைத் திருப்பிப் படிங்க."

"ஆறுதான் கெசையா. ஒன்பது இல்ல. நானும் அப்படி இருக்கக் கூடாதான்னுதான் மூணு தடவை பாத்தேன்."

அப்படியென்றால் ப்ரூவிட் இதை முன்னாலேயே பார்த்துவிட்டான். அதனால்தான் கம்பளி. சட்டப்படி சம்மன் போட்டு, எதிராளியின் கையாலேயே இந்தப் பக்கத்தை நீதிபதி முன்னால் விரிக்க வைக்கப் பார்த்திருக்கிறான். இனிப் படகு நகர்ந்தாலும் லூசிண்டா தோற்றாள். நகராவிட்டாலும் நாலு மணிக்குத் தோற்றாள்.

ரோஷோன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கெசையா எட்டு வயதில், அவளை விற்ற அன்று, இப்படி ஒரு அறையில் நின்றிருக்கிறாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் போக இடமில்லை. அந்த நினைப்பை உதறுவதற்காகத் திறந்து கிடந்த பக்கத்தை வெறுமனே பார்த்தாள்.

எழுத்து அவளுக்கு எறும்புக் கூட்டம்தான். அதனால் எறும்புகளை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தாள்.

"முசியே, இது என்ன?"

"எது?"

"ஓரத்துல. தையல் மடிப்புக்குள்ள, பொடிசா. இந்தப் பக்கத்துல மூணு இடத்துல இருக்கு. மத்ததுக்கு இல்ல."

அவர் கண்ணாடி இல்லாமலே கையை வீசினார். "பேனா ஓடுதான்னு கிறுக்கியிருப்பாங்க."

"பேனா பாக்கறவன் எங்க வேணா கிறுக்குவான். இது பேருக்கு நேரா நிக்குது. உங்க மார்கோவுக்கு நேராவும் ஒண்ணு. கண்ணாடியைப் போட்டுப் பாருங்க, இல்லேன்னா என்னையே ஃபாதர்னு நினைச்சு கையில முத்தம் குடுத்துடுவீங்க."

ரோஷோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மடிப்பை விரலால் விரித்தார். அரிசி அளவுக்கு ஒரு சிலுவை. மை வேறு நிறம். பின்னால் எப்போதோ போட்டது.

கெசையா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமியாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "சாமி! இந்தச் சிலுவை எதுக்கு?"

"அதுவா? எனக்கு முன்னாடி இருந்த சாமியார் வழக்கம் அது," என்றார் ஆன்செல்ம், யாரோ நேரம் கேட்டது போல. "ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை சின்னதுலயே செத்துப்போனா பேருக்கு நேரா ஒரு சிலுவை போடுவார்."

"காலையிலேர்ந்து இதை ஏன் சாமி சொல்லல?"

"யாரும் கேக்கலியே அம்மா."



"இந்த மார்கோ குழந்தையிலேயே செத்துட்டா," என்றாள் கெசையா மெதுவாக. "லூசிண்டாவைப் பெத்த மார்கோ என் கண்ணு முன்னாடி அம்பது வயசுல செத்தா. ஒரே ஆள் ரெண்டு தடவை சாக முடியாது முசியே."

ரோஷோன் எழுந்தேவிட்டார். "செத்த குழந்தை பேரை அடுத்த குழந்தைக்கு வைக்கறது உண்டு. எங்க வீட்லயே உண்டு. எனக்கு மூத்தவன் ஒருத்தன் தெயோஃபில்னு இருந்தான். இன்னொரு மார்கோ இருக்கணும்! வித்த பத்திரம் சரின்னா 1789ல இருக்கணும்."

பரபரவென்று புரட்டினார். 1787, 1788. 1789 கோடைக்காலம். அடுத்த பக்கம், டிசம்பர். அவர் விரல் முன்னும் பின்னும் போய் வந்தது. "இல்ல. ஆகஸ்டுக்கு அப்புறம் நேரா டிசம்பர். நடுவுல யாருமே பிறக்கலியா?"

"கிழிச்சிருக்கானா?"

"கிழிச்ச அடையாளம் இல்ல. தையல் முழுசா இருக்கு."

"தள்ளுங்க."

இருபது வருடம் சோப்பிலும் கொதிநீரிலும் ஊறிய விரல்கள் அவளுடையவை. ஒவ்வொரு தாளாக ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டினாள். பழைய காகிதம் துணி மாதிரிதான், துவண்டு விழும். ஒரு தாள் துவளவில்லை. நிமிர்ந்து நின்றது. அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கஞ்சி," என்றாள்.

"என்ன?"

"கோதுமைக் கஞ்சி முசியே. சட்டைக் காலருக்குப் போடற கஞ்சி. ரெண்டு தாளைச் சேத்து ஒட்டியிருக்கான். கட்டி தட்டிப்போய் வேற இருக்கு, தடவிப் பாருங்க. இந்த அழகுல கஞ்சி காய்ச்சறவ என்கிட்ட வேலை செஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவேன்."

ரோஷோன் தாள்களின் மூலையில் இருந்த எண்களைப் பார்த்தார். நாற்பத்தொன்று. அடுத்தது நாற்பத்து நாலு. "ஆவி பிடிச்சா பிரிஞ்சுடும். அந்தக் கெட்டிலை எடு."

கெசையா கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஆனால் பதிவேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்னாச்சு?"

"என் கை பட்டா அது சாட்சி இல்ல. கறுப்பி ஒட்டினா, கறுப்பி பிரிச்சான்னு போயிடும். வெள்ளைக்காரனுக்கு எதிரா கோர்ட்ல நான் வாயைத் தொறக்க முடியாது, அவன் தொறப்பான். சாமி அவர் கையால பிரிக்கட்டும். நீங்க போய் கேப்டனைக் கூட்டிட்டு வாங்க. ப்ரூவிட்டும் வந்தா வரட்டும்."

கேப்டன் ஸ்ட்ரவுட் வந்தார். மீசையெல்லாம் பனி. பின்னாலேயே ப்ரூவிட். நல்ல உடுப்பு, சிவந்த மூக்கு. கெட்டிலின் மூக்கிலிருந்து வந்த ஆவியில் சாமியார் பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவன் காலடி வாசலிலேயே நின்றது.

"என்ன பண்றீங்க? அது கோர்ட்டு சாட்சி! நனைஞ்சுடும்!"

"கோவில் புஸ்தகம். கோவில் சாமியார் கையில இருக்கு," என்றார் ரோஷோன். "நீங்க சாட்சி கேப்டன். நல்லா பாத்துக்கோங்க."

சாமியாரின் தடித்த கட்டைவிரல் இரண்டு தாளுக்கும் நடுவில் நுழைந்தது. வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி தாள் மெல்லப் பிரிந்தது. இரண்டு புதிய பக்கங்கள். உலர்ந்த கஞ்சி பொட்டுப் பொட்டாக. சாமியாருக்குக் காதுதான் மந்தம், கண் இல்லை. சத்தமாகவே படித்தார்.

"அக்டோபர் நாலு, 1789. நேற்றுப் பிறந்த மார்கோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். விதவை லாட்டுலிப்பின் வீட்டிலிருக்கும் ஆஞ்செலிக்கின் மகள். இறந்துபோன அக்காளின் பெயரே இவளுக்கு இடப்பட்டது."

ரோஷோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ப்ரூவிட் பாய்ந்தான். அவன் கை மேஜைக்கு வருவதற்குள் ஆன்செல்ம் சாமியார் பதிவேட்டை மூடி, நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கனத்தை அங்கிருந்து கிளப்ப ப்ரூவிட்டைப் போல நாலு பேர் வேண்டும்.

"இவ ஒட்டினது! இந்த வண்ணாத்தி! கஞ்சின்னா இவளுக்குத்தானே தெரியும்!"

"இன்னிக்குக் காலையில ஒட்டினா இப்ப ஈரமா இருக்கும் துரை," என்றாள் கெசையா. "இது காஞ்சு கல்லாகி ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமா?" சாமியாருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "ஆமாம், இவர் வந்துபோய் ஒரு மாசம் இருக்கும். என் வீட்ல ரெண்டு நாள் தங்கினார். நல்ல மனுஷன். புஸ்தகத்தைப் பொறுமையா பாத்தார். காலருக்குப் போடணும்னு சமையல்காரம்மாகிட்ட கஞ்சி வாங்கினார்." நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ரெண்டு நாளும் காலர் தொங்கிட்டுதான் இருந்தது. எனக்கே பாவமா இருந்தது."

கேப்டனின் மீசை ஒரு பக்கமாகத் தூக்கியது. ப்ரூவிட் தன்னையறியாமல் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

அவன் சுதாரித்துக்கொள்ள நேரம் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். "ஒண்ணே முக்கால். கேப்டன், பனி எப்ப விடும்?"

"நாளைக்கு விடலாம். திங்கட்கிழமை விடலாம்."

"அப்ப சரி," என்றான் ப்ரூவிட். இதுவரை கிளம்பு கிளம்பு என்று கத்தியவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "நாலு மணிக்குத் தீர்ப்பு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

கெசையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பாளத்துக்கு மேல் பாளமாக, உழுத வயல் மாதிரி, கரை வரைக்கும் வெள்ளை.

"சரக்கு இழுக்கற சறுக்குவண்டி ஒண்ணு கீழ்த்தட்டுல பாத்தேன் கேப்டன்."

"பைத்தியமா உனக்கு? என் ஆளுங்க ஒருத்தனையும் இந்தப் பனியில இறக்க மாட்டேன்."

"ஆள் வேண்டாம். வண்டியும் ஒரு துறட்டுக்கோலும் போதும். சாமி வண்டியில உக்காருவார், முசியே இழுப்பார், நான் முன்னாடி தட்டிப் பாத்துப் போவேன். இருபது குளிர்காலமா குளத்துப் பனியை உடைச்சுத்தான் துணி அலசறேன். அது எப்ப பேசும், எப்ப ஏமாத்தும்னு எனக்குத் தெரியும்."

ப்ரூவிட் சிரித்தான். "போ, போ. உன் பேப்பர் எங்க?"

அவள் கை தானாக மார்புக்குப் போய்த் திரும்பியது. பேப்பர் அங்கே இல்லை. கறுப்பர் யார் ஏறினாலும் அவர்கள் சுதந்திரச் சீட்டைப் படகுக்காரர் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது இந்தத் துறையின் வழக்கம். பெட்டிச் சாவி அக்கரை அலுவலகத்தில் இருக்கும். படகு சேர்ந்த பிறகுதான் பெட்டி திறக்கும்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார் கேப்டன். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சாவி எங்கிட்ட இல்ல."

"இலினாய் பக்கத்திலேர்ந்து பேப்பர் இல்லாம ஒரு கறுப்பி நடந்து வந்தா, கரையில நிக்கற கான்ஸ்டபிள் என்ன பண்ணுவான்னு அவளுக்கே தெரியும்," என்றான் ப்ரூவிட்.

அவளுக்குத் தெரியும். ரோஷோனுக்கும் தெரியும். "நீ இங்கயே இரு. நானும் ஃபாதரும் போறோம்," என்றார்.

"நீங்களா? கண்ணாடியில ஒரு சொட்டு பனி விழுந்தா நீங்க நேரா நியூ ஆர்லியன்ஸ் போயிடுவீங்க." கெசையா பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "சாமி! எழுந்திருங்க! புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு!"

"சாப்பாடா?"

"ஆமா சாமி. கரையில."

கால் மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் துறட்டுக்கோலால் தட்டுவாள், காது கொடுத்துக் கேட்பாள், கால் வைப்பாள். பின்னால் ரோஷோன் கயிற்றைத் தோளில் போட்டு மூச்சிரைக்க இழுத்தார். வண்டியில் சாமியார் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு ஏதோ மந்திரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய பாளங்கள் தாங்கின. அவற்றுக்கு நடுவே நேற்று உறைந்த மெல்லிய கீற்றுகள் ஓடின. அங்கே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

"கறுப்பா இருக்கறதை மட்டும் மிதிச்சுடாதீங்க முசியே!"

"தெரியும், தெரியும்!"

"இந்த ஒரு இடத்துலயாவது கறுப்பை மிதிக்க எல்லாரும் பயப்படறாங்க."

பாதி வழியில் ஒரு பாளம் சாய்ந்தது. வண்டியின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. சாமியார் பதிவேட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கெசையா துறட்டை வண்டியின் முன்சட்டத்தில் மாட்டிக் குப்புற விழுந்து இழுத்தாள். ரோஷோனும் விழுந்தார். மூன்று பேரும் அடுத்த பாளத்தில் வந்து சேர்ந்தபோது சாமியாருக்கு முழங்கால் வரை ஈரம். பதிவேட்டில் ஒரு துளி இல்லை.

கரையில் கான்ஸ்டபிள் காத்திருந்தார். முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பேப்பர்?"

"படகுல இருக்கு. இவளுக்கு நான் பொறுப்பு," என்றார் ரோஷோன். "இந்த ஊர்ல பாதிப் பேர் சட்டையை இவதான் வெளுக்கறா. உங்க சட்டையே..."

"எனக்கும் தெரியும் சார். நல்லா தெரியும். பேப்பர் இருந்தா காட்டச் சொல்லுங்க, விடறேன். இல்லேன்னா ஜெயில். நான் எழுதின சட்டமா?"

"நான் இப்பவே ஜட்ஜ்கிட்ட பேசி..."

"முசியே." கெசையா அவர் கையைப் பிடித்தாள். அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "மணி மூணைத் தாண்டிடுச்சு. இங்க நின்னு எனக்காக வாதாடினீங்கன்னா அங்க லூசிண்டாவுக்கு வாதாட ஆள் இருக்காது. சாமியைக் கூட்டிட்டு ஓடுங்க."

அவர் போகவில்லை.

"ஓடுங்கன்னா!"

அவர்கள் ஏற்றத்தில் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

சிறையில் பெண்களுக்கு ஒரே ஓர் அறைதான். கதவு திறந்ததும் மூலையிலிருந்து லூசிண்டா எழுந்தாள். மடியில் படுத்திருந்த டார்கஸ் விழித்துக்கொண்டாள்.

"கெசையா அக்கா? நீங்களா? உங்களை ஏன்..." அவள் கை டார்கஸைத் தேடிப் பிடித்தது. "அப்ப எல்லாம் போச்சா?"

"என்னைப் பாத்தா போன மாதிரியா இருக்கு? பாவாடை நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நகந்து உக்காரு."

ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். சிலுவையை, பிரிந்த தாளை, சாமியார் படித்ததை. அக்காளின் பெயர் என்ற இடம் வந்தபோது லூசிண்டா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. ஆனா அம்மா எப்பவும் ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டைத் தனியா வைக்கும். கேட்டா, 'நான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடறவடி'ன்னு சொல்லும். நான் வயித்துல ஏதோ பூச்சின்னு நினைச்சு மருந்து வாங்கிக் குடுத்தேன்." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. டார்கஸ் தாயின் கன்னத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

நாலு மணி அடித்தது. மூவரும் எண்ணினார்கள். அப்புறம் எண்ண ஒன்றுமில்லை. அறையில் ஜன்னல் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. அதில் தெரிந்த வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகியது. வராந்தாவில் யாராவது நடந்தால் லூசிண்டாவின் மூச்சு நிற்கும். அவர்கள் தாண்டிப் போனதும் திரும்ப ஓடும். கெசையா வேடிக்கையாக ஏதாவது சொல்லத் தேடினாள். அன்றுதான் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் ஆகியிருக்கும். சாவிக்கொத்துச் சத்தம். ரோஷோன் வாசலில் நின்றார். தொப்பியைக் காணோம், கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். கையில் முத்திரை போட்ட ஒரு தாள்.

"ஜூரி பத்து நிமிஷம்கூட எடுத்துக்கல," என்றார். "ஃபாதர் காலர் கதையைச் சொன்னப்போ ஜட்ஜே கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டார். லூசிண்டா, நீ வெளியே வரலாம். நீயும் குழந்தையும். எங்க வேணும்னாலும் போகலாம்."

லூசிண்டா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அப்ப கெசையா அக்கா?"

ரோஷோன் தாளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தீர்ப்பு சொன்ன கையோட கோர்ட்டு மூடிடுச்சு. நாளைக்கு ஞாயிறு. பேப்பர் வராம விட முடியாதுங்கறார் ஜெயிலர். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். திங்கட்கிழமை விடிஞ்சதும் ஜட்ஜ் வீட்டு வாசல்ல நிப்பேன். ப்ரூவிட்டைப் படகு கரை சேந்ததும் பிடிச்சுட்டு வரச் சொல்லி ஜட்ஜ் உத்தரவு போட்டிருக்கார்."

"அந்த ஆள் வர்ற படகுலதான் என் பேப்பரும் வருது," என்றாள் கெசையா. "அவன் பத்திரமா வந்து சேரணும்னு நான் வேண்டிக்கற நாளும் வந்துடுச்சு பாருங்க."



"நாங்களும் இங்கயே இருக்கோம்க்கா," என்றாள் லூசிண்டா. "திங்கட்கிழமை சேந்து போகலாம். ரெண்டு நாள்தானே."

"அடி போடி! உங்களை வெளிய அனுப்பறதுக்காக ஆத்துல விழுந்து எழுந்து வந்திருக்கேன், இவ குடித்தனம் பண்றாளாம்." கழுத்திலிருந்த கயிற்றை இழுத்து, அதில் கோத்திருந்த வீட்டுச் சாவியைக் கழற்றினாள். "பலகைச் சுவர் வீடு, குளத்துக்கு மேக்கால. விறகு கொல்லையில இருக்கு. குழந்தைக்குச் சூடா ஏதாவது போட்டுக் குடு. போ. திரும்பிப் பாக்காதே."

லூசிண்டா சாவியை வாங்கினாள். டார்கஸ் ஓடிவந்து கெசையாவின் ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டாள். விட்டாள்.

கதவு சாத்தியது. பூட்டு இரண்டு தடவை திரும்பியது. கெசையா கதவில் காதை வைத்துக்கொண்டாள். வராந்தாவில் மூன்று ஜோடிக் காலடிகள். ரோஷோனுடையது இழுத்து இழுத்து. ஒன்று தயங்கித் தயங்கி. ஒன்று சின்னது, அவசரமானது. வெளிக்கதவு திறந்தது. படியில் இறங்கின. தெருக் கல்லில் ஒலித்தன. ஓர் இடத்தில் இரண்டு நின்றன.

கெசையா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னது முதலில் நகர்ந்தது. அதன் பின்னாலேயே பெரியதும். பிறகு நிற்காமல், தெருக்கோடி வரைக்கும்.